இரண்டாவது இன்டர்வியூவும் கணிதமேதை ராமானுஜனும்



மே, ஜூன் மாதம் வந்தால் எனக்குப் போன் வருவது கூடிவிடும். "சார், காலேஜ் முடிச்சுட்டேன். முதல் இன்டர்வியூ நல்லாத்தான் போச்சு. ரெண்டாவதுக்குக் கூப்பிட்டிருக்காங்க. அதான் எல்லாத்தையும் கேட்டுட்டாங்களே, இன்னும் என்ன சார் கேப்பாங்க?" பெரும்பாலும் இதே கேள்விதான்.

சித்தன்னவாசல், அன்னவாசல் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் இதைச் சொல்ல ஆள் கிடையாது. அப்பா, அம்மா இன்டர்வியூ என்ற ஒன்றைப் பார்த்ததே இல்லை. அரசு வேலையில் இருக்கும் சித்தப்பா, மாமாவைக் கேட்டாலும் பதில் கிடைப்பது கடினம். குரூப் 4 எழுத்துத் தேர்வோடு முடிந்துவிடுகிறது. மத்திய அரசிலும் 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணியிடங்களுக்கு நேர்முகத் தேர்வை எடுத்துவிட்டார்கள். தனியார் நிறுவனத்துக்குப் போகும் பிள்ளைதான் இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று தனியாக நின்று சமாளிக்க வேண்டியிருக்கிறது.

தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்குமாக ஒரு வரலாற்றை எழுதிவிடலாம் என்று நினைத்தேன். நம் தமிழ்நாட்டுப் பையன் ஒருவன், கல்லூரிப் படிப்பு கைகூடாமல், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வேலை தேடி அலைந்த கதை. பெயர் ராமானுஜன்.

"அவர் மேதை சார், எங்களுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். 1910இல் அவரை மேதை என்று அறிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். ஊர்க் கணக்கில் அவர் எஃப்.ஏ. தேர்வில் இரண்டு முறை தோற்றவர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் கையை விட்டுப் போனது. பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. 1906இலும் தோல்வி, 1907இலும் தோல்வி. 1909இல் கல்யாணமும் ஆகிவிட்டது. வேலை இல்லை.

1910இல் அவர் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுட்டி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தொடங்கியவர். அவரிடம் ராமானுஜன் கேட்டது தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை, அவ்வளவுதான். ஐயர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இவரை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைத்தால் அந்தத் திறமையை மூச்சுமுட்டச் செய்வதாகும் என்று அவருக்குத் தோன்றியது. வேலை கொடுக்காமல், சென்னைக்குப் போய்ப் பார்க்க வேண்டியவர்களைச் சொல்லி அனுப்பினார். அப்படி ஒருவர் கைமாற்றி இன்னொருவர் என்று அந்த ஆண்டு டிசம்பரில் ராமானுஜன் போய் நின்ற இடம், நெல்லூர்க் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவின் முன்னால்.

அந்தச் சந்திப்பை ராமச்சந்திர ராவே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். குட்டையான, பருத்த உருவம். சவரம் செய்யாத முகம். துணி அவ்வளவு சுத்தமில்லை. கண்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன. கக்கத்தில் நைந்த நோட்டு. அதைத் திறந்து தன் கண்டுபிடிப்புகளை விளக்க ஆரம்பித்தார். ராவும் கணக்குப் படித்தவர்தான். ஆனாலும் அது உண்மையிலேயே சரக்கா, வெறும் பிதற்றலா என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. பாடப்புத்தகத்தில் இல்லாத விஷயம் என்பது மட்டும் தெரிந்தது. அதனால் முடிவைத் தள்ளிப்போட்டு, மறுபடியும் வரச் சொன்னார்.

இதுதான் பிள்ளைகளே, இரண்டாவது இன்டர்வியூ. அது பிறப்பதே இப்படித்தான். வேண்டாம் என்று சொல்லவும் மனமில்லை, சரி என்று சொல்லவும் துணிவில்லை. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளவே மறுபடியும் கூப்பிடுகிறார்கள். பாதி வேலை கிடைத்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம், நம்மை மடக்கக் கூப்பிடுகிறார்கள் என்றும் பயப்பட வேண்டாம்.

ராமானுஜன் மறுபடியும் போனார். இந்த முறை என்ன நடந்தது என்பதை ராவ் மறைக்காமல் எழுதுகிறார். தன் அறியாமை எவ்வளவு என்பதை அதற்குள் அந்த இளைஞர் அளந்துவிட்டார் என்கிறார். ஒரு கலெக்டர் தன்னைப்பற்றி இப்படி எழுதுவதற்குப் பெரிய மனது வேண்டும். அளந்துகொண்ட ராமானுஜன், தன் முடிவுகளில் எளியவற்றை முதலில் எடுத்துக் காட்டினார். அவையே புத்தகங்களில் இருந்ததைத் தாண்டி நின்றன. ராவுக்கு நம்பிக்கை வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு படியாக, கடினமான பகுதிகளுக்குக் கைபிடித்து அழைத்துப் போனார். கடைசியாக, ஒரு மதிப்பில் போய் நிற்காத தொடர்களைப் பற்றிய தம் கோட்பாட்டை விளக்கியபோது கலெக்டர் முழுவதுமாக மாறிவிட்டார்.

இரண்டு சந்திப்புக்கும் நடுவில் ராமானுஜன் புதிதாக எதையும் படித்துவிட்டு வரவில்லை. நோட்டு அதே நோட்டு. மாற்றியது வரிசையை. முதல் முறை தனக்குப் பெரியது எதுவோ அதைச் சொன்னார். இரண்டாம் முறை எதிரே இருப்பவருக்கு எது எட்டுமோ அதிலிருந்து தொடங்கினார்.

இது நமக்குத் தெரியாத சங்கதி அல்ல. என்னோடு சித்தன்னவாசல் வந்தவர்களுக்கு நினைவிருக்கும். அறிவர் கோயில் விதானத்தைக் காட்டி, "இது ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம், சமண சமவசரணத்தின் காதிகா பூமி" என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் கழுத்து வலிக்கிறது என்று வெளியே ஓடிவிடுவார்கள். அவர்கள் கண்ணுக்கு அங்கே தெரிவது மங்கிய பச்சை மட்டும்தான். "அந்த மீன் தெரியுதா? அது பக்கத்துல என்ன?" என்று கேட்டால் போதும். மீன் தெரிந்தவுடன் வாத்து தெரியும். யானை தெரியும், எருமை தெரியும், தாமரை பறிக்கிறவரும் தெரிவார். அப்புறம் அவர்களே கேட்பார்கள், "இதை யாரு சார் வரைஞ்சா?" அப்போது சமணத்தைச் சொன்னால் காதில் ஏறும். இரண்டாவது இன்டர்வியூவிலும் உங்கள் மீனை முதலில் காட்டுங்கள்.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? முதல் சுற்றில் உங்களைப் பார்த்தவர் பெரும்பாலும் உங்கள் பாடம் தெரிந்தவர், அல்லது ஹெச்.ஆர். ஆள். இரண்டாவதில் மேலதிகாரி ஒருவர் இருப்பார். அவருக்கு உங்கள் பாடத்தின் நுணுக்கம் தெரியாமல் இருக்கலாம், அல்லது உங்களைவிடப் பல மடங்கு தெரிந்திருக்கலாம். அவர் பேசும் முதல் சில வாக்கியங்களைக் கவனித்தால் எது என்று பிடிபட்டுவிடும். முதல் சுற்றில் நீங்கள் சொன்ன பதிலையே எடுத்து, "அந்தப் புராஜெக்ட்ல நீ என்ன செஞ்ச? உன் கூட்டாளி என்ன செஞ்சான்?" என்று தோண்டுவார்கள். மனப்பாடம் செய்த பதில் அங்கே நிற்காது. முதல் சுற்று முடிந்த அன்றைக்கே, கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். எந்த இடத்தில் அவர்கள் முகம் சுளித்தது, எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டாம் சுற்றுக்கு அதைவிட நல்ல கைடு கடையில் கிடைக்காது.

கடைசியில் ராவ் ஒரு கேள்வி கேட்டார். உனக்கு என்ன வேண்டும்? ராமானுஜன் தயங்கவில்லை. ஆராய்ச்சியைத் தொடர்வதற்கு, உயிர்வாழும் அளவுக்குக் கொஞ்சம் பணம் இருந்தால் போதும் என்றார். ராவ் மாதம் 25 ரூபாய் கொடுக்க ஏற்பாடு செய்தார். இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். என்ன சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள், எப்போது சேர முடியும், வெளியூர் போவீர்களா என்று கேட்பார்கள். "நீங்க பார்த்து எதைக் கொடுத்தாலும் சரி சார்" என்பது பணிவு மாதிரி இருக்கும், ஆனால் யோசிக்காமல் வந்திருக்கிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ தங்க, சாப்பிட, ஊருக்கு அனுப்ப எவ்வளவு ஆகும் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு, காரணத்தோடு ஒரு தொகையைச் சொல்லுங்கள்.

அடுத்து, அரியர் வைத்த பிள்ளைகளுக்கு. நடுவில் ஒரு வருஷம் விட்டுப்போனவர்களுக்கும்தான். பிறர் தயவில் வாழ்வது ராமானுஜனுக்கு நெடுநாள் பிடிக்கவில்லை. அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் 20 ரூபாய் சம்பளத்தில் சில வாரம் தற்காலிக வேலை பார்த்தார். பிறகு 1912 பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு விண்ணப்பம் எழுதினார். சின்னக் கடிதம் அது. மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொன்னார். எஃப்.ஏ. வரை படித்ததையும், பாதகமான சூழ்நிலைகளால் மேலே தொடர முடியாமல் போனதையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அடுத்த வாக்கியத்திலேயே, அன்று முதல் தன் நேரம் முழுவதையும் கணிதத்துக்குக் கொடுத்து வருவதாக எழுதினார். வேலையை ஒழுங்காகச் செய்வேன் என்று உறுதி கூறி முடித்தார்.

தோல்வியை அவர் மூடி மறைக்கவில்லை, அதையே பிடித்துக்கொண்டு அழவும் இல்லை. ஒரு வரியில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்பதற்கு நகர்ந்துவிட்டார். இரண்டாம் சுற்றில் மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். ஒரு வரி போதும். வாத்தியார் சரியில்லை, வினாத்தாள் கடினம் என்று பத்து வரி போனால் அவர்கள் மனதில் நிற்பது அந்தப் பத்து வரிதான்.

அந்த விண்ணப்பத்தோடு மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரையும் இருந்தது. உங்களை உண்மையாக அறிந்த ஆசிரியர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நிறுவனத்திலிருந்து போன் வந்தால் அவர் "யாரு?" என்று கேட்கக் கூடாது. ராமானுஜனுக்கு மார்ச் 1 முதல் வேலை, மாதம் 30 ரூபாய்.

மீதிக் கதையில் இன்னொரு இரண்டாம் சுற்று இருக்கிறது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதினார். ஹார்டி மதிப்பை உணர்ந்தார், கேம்பிரிட்ஜுக்கு வரச் செய்ய முயன்றார். அப்போது ராமானுஜன் சம்மதிக்கவில்லை. 1914 தொடக்கத்தில் நெவில் என்ற கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்ற வந்தார். ராமானுஜனை நேரில் பார்ப்பதும் அழைப்பதும் அவர் பொறுப்பு. மூன்று முறை உட்கார்ந்து பேசினார்கள். மூன்றாவது முறை ராமானுஜன் தன் நோட்டையே அவர் கையில் கொடுத்து, எடுத்துப்போய்ப் பாருங்கள் என்றார். பிறகு ராமானுஜன் தரப்புச் சந்தேகங்கள் வந்தன. பணத்துக்கு என்ன வழி? என் ஆங்கிலம் போதுமா? சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? பரீட்சை எழுத வேண்டுமா? நெவில் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மார்ச் 17 அன்று கப்பல் புறப்பட்டது.

ஆக, இரண்டாம் சுற்றில் கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு. பாண்டு எத்தனை வருஷம், இரவு ஷிஃப்ட் உண்டா, பயிற்சிக் காலத்தில் சம்பளம் எவ்வளவு, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். பெண் பிள்ளைகள் தங்கும் இடத்தையும் இரவு வாகன வசதியையும் கட்டாயம் கேட்க வேண்டும். வேலை கொடுப்பதற்கு உங்களிடம் பணம் கேட்டால், அங்கே வேலை இல்லை என்று அர்த்தம். எழுந்து வந்துவிடுங்கள்.

கிடைக்காமல் போனால்? ஹார்டிக்கு முன்னால் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ்காரர்களுக்கும் ராமானுஜன் எழுதியிருந்தார். அங்கிருந்து உதவி வரவில்லை. இருவரும் சாதாரண ஆட்கள் இல்லை, பெரிய கணித அறிஞர்கள். ஒரே சரக்கு, பார்த்தவர் மூன்று பேர், வாங்கியவர் ஒருவர். நேர்காணல் என்ற தராசின் முள் அப்படி ஆடக்கூடியதுதான். நம் உச்சநீதிமன்றமே 1980இல் அஜய் ஹாசியா வழக்கில், கல்லூரிச் சேர்க்கையில் வாய்மொழித் தேர்வுக்கு மொத்த மதிப்பெண்ணில் 15 சதவீதத்துக்கு மேல் கொடுப்பது நியாயமற்றது என்று சொன்னது. சில நிமிடப் பேச்சை வைத்து ஒரு பிள்ளையை முழுவதும் எடைபோட முடியாது என்பது நீதிமன்றத்துக்கும் தெரியும். உங்கள் வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். அதனால் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டாம் சுற்று வரை போய்த் திரும்பிய பிள்ளையிடம் "ஏன் கிடைக்கல?" என்று கேட்காதீர்கள். சாப்பாடு போடுங்கள். மறுநாள், "என்னென்ன கேட்டாங்க?" என்று கேளுங்கள். அவன் சொல்லச் சொல்ல அடுத்த இன்டர்வியூவுக்கு அவனே தயாராகிவிடுவான்.

இந்த வாரம் இரண்டாம் சுற்றுக்குப் போகிறவர்கள் மூன்று பேர் என்று எனக்குத் தெரிந்திருக்கிறது. முந்தின நாள் ராத்திரி நன்றாகத் தூங்குங்கள், அரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். முடிந்ததும் எனக்குப் போன் செய்யுங்கள், எந்தப் பதிலாக இருந்தாலும்.

வாழ்த்துகளுடன்,
உங்கள் சார்