கோட்டுரு வண்ணமிடல்: சிறப்பு வகைகளின் வரலாறு

விளிம்பால் இணைந்த எந்த இரு முனைகளும் ஒரே நிறம் பெறாதபடி, ஒரு கோட்டுருவின் முனைகளுக்கு மிகக் குறைந்த நிறங்களைப் பங்கிடுவதே கோட்டுரு வண்ணமிடல். பொதுநிலையில் இது என்பி-முழுமை வகைக் கணக்கு என்று ரிச்சர்ட் கார்ப் 1972இல் நிறுவினார். அத்தகைய கணக்குகளுக்கு விரைவான வழிமுறை எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. கோட்டுருக்களின் வகையைச் சுருக்கினால் கடினம் தளரும் என்று எண்ணத் தோன்றும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. விளிம்புகள் வெட்டாமல் தாளில் வரையக்கூடிய சமதளக் கோட்டுருவுக்கு 4 நிறம் போதும் என்று 1976இல் அறிவிக்கப்பட்டது. 3 நிறம் போதுமா என்ற கேள்வி அங்கும் கடினமே என்று அதே ஆண்டில் கேரி, ஜான்சன், ஸ்டாக்மையர் காட்டினர். கணக்கை எளிதாக்குவது வகையின் சிறுமை அன்று, அதன் கட்டமைப்பே.

இதற்குச் சான்றாகப் பேரா மாநிலத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் கால அட்டவணையைப் பார்ப்போம். ஆசிரியர்களும் வகுப்புகளும் இரு கூறாகப் பிரிந்த முனைகள், பாடங்கள் விளிம்புகள், பாடவேளைகள் அவ்விளிம்புகளுக்கான நிறங்கள்: ஒரே முனையைத் தொடும் இரு விளிம்புகள் ஒரே நிறம் பெறக்கூடாது. மிக அதிகச் சுமையுள்ள ஆசிரியர் அல்லது வகுப்பின் பாட எண்ணிக்கை எதுவோ, அத்தனை பாடவேளைகளே போதும் என்பது டேனெஸ் கோனிக் 1916இல் தந்த தேற்றத்தின் பயன். இரு கூறாகப் பிரியாத கோட்டுருவில் இந்த உறுதி இல்லை. அங்கே விளிம்புகளுக்கு நிறமிடுவது என்பி-முழுமை என்று இயான் ஹோலியர் 1981இல் நிறுவினார்.

விளிம்புகளையே முனைகளாக மாற்றினால் கிடைப்பவை நகமிலாக் கோட்டுருக்கள்: தம்முள் இணையாத மூன்று முனைகளோடு ஒரே முனை இணைவது இவற்றில் இல்லை. ஹோலியரின் முடிவால் இந்த வகையும் கடினமே. ஆனால் கிளாட் பெர்ஜ் வரையறுத்த செவ்விய கோட்டுருக்களில், எந்த உட்பகுதியை எடுத்தாலும் தேவைப்படும் நிறங்கள் அதன் மிகப்பெரிய முழுஇணைப்புக் குழுவின் அளவே. எந்தக் கோட்டுருக்கள் செவ்வியவை என்பதைக் குறித்த பெர்ஜின் ஊகம் நகமிலா வகையில் உண்மை என்று சென்னை ஐஐடியின் கே. ஆர். பார்த்தசாரதியும் ஜி. ரவீந்திராவும் 1976இல் நிறுவினர். முழு ஊகமும் 2002இல்தான் மெய்ப்பிக்கப்பட்டது. இரு பண்புகளும் சேர்ந்த கோட்டுருக்களுக்கு வென்-லியான் சூ 1981இல் வண்ணமிடும் வழிமுறை தந்தார். விளிம்புகளை முனைகளாக மாற்றிய பள்ளி அட்டவணை, நகமிலா, செவ்விய என்ற இந்த இரு வகைகளின் சந்திப்பில்தான் அமைகிறது.

கிரோட்ஷல், லோவாஸ், ஸ்க்ரைவர் மூவரும் 1981இல் எல்லாச் செவ்விய கோட்டுருக்களுக்குமே பல்லுறுப்புக் கால, அதாவது கோட்பாட்டளவில் விரைவான, வழிமுறை கண்டுவிட்டார்களே, உட்பிரிவு ஆய்வு எதற்கு என்று கேட்கலாம். அவர்களுடைய நீள்கோள முறை நடைமுறைக்கு மெதுவானது. கட்டமைப்பையும் அது விளக்குவதில்லை. ஆசிரியர் சில வேளைகளில் மட்டுமே வருவார் என்றால் கோனிக்கின் உறுதி பயனற்றுப்போகும் என்பது வலுவான மறுப்பு. அத்தகைய அட்டவணை என்பி-முழுமை என்று ஈவன், இத்தாய், ஷமீர் 1976இல் நிறுவியதும் உண்மை. ஆயினும் அந்த முடிவே, எந்த நிபந்தனை எளிமையைக் குலைக்கிறது என்று சுட்டுகிறது. சிறப்பு வகைகளின் ஆய்வு தருவது இந்த எல்லைக்கோட்டைத்தான்.