அரசு இணையதளம் அசலா, போலியா? முகவரியை வலமிருந்து படிச்சா போதும்!

சாதிச் சான்றிதழ், பட்டா, உதவித்தொகை என எது வேண்டுமானாலும் இப்போ முதலில் எடுப்பது செல்போனைத்தான். அப்படித் தேடும்போது போலித் தளத்தில் ஆதார் எண்ணையும் பணத்தையும் கொடுத்துவிட்டால், கல்வராயன் மலைக் கிராமத்தில் இருப்பவர் அதைச் சரிசெய்ய மலையிறங்கி அலைய வேண்டியதுதான். அசல் தளத்தை அடையாளம் காண, முகவரி எப்படி அமைக்கப்படுகிறது என்று தெரிந்தாலே போதும்.

மாவட்டத்துக்கு ஒரு முகவரி

விழுப்புரத்தில் இருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டம், 2019 நவம்பர் 26 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. புது மாவட்டத்துக்கு ஆட்சியர் அலுவலகம் மட்டுமல்ல, இணையதளமும் வேண்டுமே! அதுதான் 'கள்ளக்குறிச்சி டாட் நிக் டாட் இன்'.

இதில் 'நிக் டாட் இன்' என்பது தேசிய தகவலியல் மையத்தின் (என்ஐசி) டொமைன். அதற்கு முன்னால் வரும் 'கள்ளக்குறிச்சி' என்பது சப்டொமைன், அதாவது துணை டொமைன். விழுப்புரம், சென்னை தளங்களுக்கும் இதே அமைப்புதான். ஊர்ப் பெயர் மட்டும் மாறும்.

ஒரே கட்டடம், பல கதவுகள்

மாவட்டத்துக்கு மாவட்டம் தனி மென்பொருள் எழுதினால் செலவு, பராமரிப்பு, பாதுகாப்பு எல்லாமே தலைவலி. அதனால் என்ஐசி, 'எஸ்3வாஸ்' என்ற பொதுவான உள்ளடக்க மேலாண்மைத் தளத்தை உருவாக்கியது. கட்டடம் ஒன்று, கதவுகள் பல. நீங்கள் எந்தப் பெயரைத் தட்டினீர்கள் என்பதைப் பார்த்து, அந்த மாவட்டத்தின் பக்கத்தை சர்வர் காட்டும். பாதுகாப்பு ஓட்டையை ஓர் இடத்தில் அடைத்தால், எல்லாத் தளங்களுக்கும் பலன் கிடைக்கும்.

சரி, தாலுகாவுக்கும் ஒரு சப்டொமைன் கொடுக்கலாமே?

கொடுக்கலாம். ஆனால் சிக்கல் இருக்கு. 'நிக் டாட் இன்' பெயருக்கு வாங்கும் வைல்டுகார்டு பாதுகாப்புச் சான்றிதழ் ஒரு படிக்கு மட்டுமே செல்லும். 'கள்ளக்குறிச்சி டாட் நிக் டாட் இன்' அதில் அடங்கும். அதற்கும் முன்னால் 'கல்வராயன்மலை டாட்' என்று சேர்த்தால் அடங்காது, வேறு சான்றிதழ் வேண்டும்.

அதனால் பொதுவாக நிபுணர்கள் சொல்லும் வழி இதுதான்: தனி நிர்வாகமும் தனிப் பொறுப்பாளரும் இருந்தால் சப்டொமைன், அதே தளத்தின் இன்னொரு பகுதி என்றால் சாய்கோட்டுக்குப் பின்னால் உள்பக்கம். மாவட்டத் தளத்தின் தமிழ்ப் பதிப்பு, சாய்கோட்டுக்குப் பின் 'டிஏ' என்ற இரண்டு எழுத்துகளோடு வருவது இப்படித்தான்.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 'நிக் டாட் இன்', 'கவ் டாட் இன்' இரண்டும் பிரவுசர்கள் பயன்படுத்தும் பொதுப் பட்டியலில் உள்ளன. அதனால் ஒரு மாவட்டத் தளம், எல்லா மாவட்டங்களுக்கும் செல்லும்படி குக்கீ வைக்க முடியாது.

எப்படிப் படிக்க வேண்டும்?

* முகவரியின் தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டைத் தேடுங்கள். அதற்கு இடப்பக்கம் கடைசியாக இருப்பதுதான் உண்மையான உரிமையாளரின் பெயர்.

* அங்கே 'டாட் கவ் டாட் இன்' அல்லது 'டாட் நிக் டாட் இன்' என்று முடிய வேண்டும். நிலப் பதிவேடுகளுக்கான 'இசர்வீசஸ் டாட் டிஎன் டாட் கவ் டாட் இன்', பத்திரப்பதிவுக்கான 'டிஎன்ரெஜிநெட் டாட் கவ் டாட் இன்' இரண்டும் அப்படியே முடிகின்றன.

* 'கள்ளக்குறிச்சி டாட் நிக் டாட் இன் டாட் ஏதோ டாட் காம்' என்று வந்தால் உஷார்! அதன் உரிமையாளர் 'ஏதோ டாட் காம்'. முன்னால் இருப்பதெல்லாம் அவர் இஷ்டத்துக்கு வைத்த சப்டொமைன்.

* புள்ளிக்குப் பதில் சிறுகோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். 'நிக்-இன் டாட் காம்' என்பது அரசுத் தளம் கிடையாது.

* பூட்டுப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். போலித் தளமும் அதை வாங்க முடியும்.

பணம் போய்விட்டால்?

தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். யாராவது லிங்க் அனுப்பினால், அழுத்துவதற்கு முன் அதன் வால் பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.