குடிகெடுத்த பிள்ளை: ஒரு ஹொங்கொங் படமும் அதற்குப் பின்னால் உள்ள வரலாறும்

குங்ஃபூ படம் என்றாலே நம் ஊரில் புரூஸ் லீதான். வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து, ஒரு வீட்டு முற்றத்தில் அயலெல்லாம் கூடியிருந்து பார்த்த தலைமுறை நாம். சீனடியும் சிலம்படியும் பழகிய மூத்தவர்கள் பின்னுக்கு இருந்துகொண்டு, 'உந்த அடி விழாது' என்று குறை பிடிப்பார்கள். கதை பெரும்பாலும் ஒன்றுதான். குருவைக் கொன்றுவிடுவார்கள், சீடன் வந்து பழி தீர்ப்பான். யார் கெட்டவன் என்பதில் நமக்கு ஒரு சந்தேகமும் வராது.

இன்று நாம் கதைக்கப் போகும் படத்திலும் பழிவாங்கல் இருக்கிறது, போட்டி இருக்கிறது, குருவின் மரணமும் இருக்கிறது. ஆனால் யாரைப் பழிவாங்குவது என்று கேட்டால் பதில் இலகுவில் வராது. 1981 டிசம்பரில் வெளிவந்த கன்டொனீஸ் மொழிப் படம். இயக்கியவர் சம்மோ ஹங். ஆங்கிலத்தில் 'த ப்ரொடிகல் சன்' என்று பெயர் வைத்தார்கள். கன்டொனீஸில் 'பாய் கா ஜாய்'. அது சீனத் தாய் தகப்பன்மார் பிள்ளைகளை ஏசும் சாதாரண வார்த்தை: குடும்பச் சொத்தை அழிக்கப் பிறந்தவன், குடிகெடுத்த பிள்ளை.

கதை நடக்கும் இடம் தென்சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் உள்ள ஃபொஷான் நகரம். அங்கே ஒரு பணக்காரரின் மகன் லியுங் ஜான். தெருச் சண்டைகளில் ஒருநாளும் தோற்காதவன். ஊரிலே தன்னை வெல்ல ஆளில்லை என்று நம்பித் திரிகிறான். அவனுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மகனுக்கு அடிபடக் கூடாதே என்று தகப்பன், வீட்டு வேலையாள் மூலம் எதிராளிகளுக்கெல்லாம் காசு கொடுத்துத் தோற்கச் சொல்கிறார். பழக்கிய வாத்தியார்மாரும் சம்பளத்துக்காகப் புகழ்ந்தவர்கள்தான். பிள்ளையைத் தவிர ஊருக்கே இது தெரியும்.

ஒருநாள் கூத்துக் குழு ஒன்று ஊருக்கு வருகிறது. அதில் பெண் வேடம் கட்டுபவர் லியுங் யீ-டாய். நம் மட்டக்களப்புக் கூத்தில் ஆண்கள் பெண் வேடம் கட்டுவதுபோல் அங்கும் வழக்கம் உண்டு. மேடையில் பார்த்த 'அழகி'யிடம் சேட்டை விடப் போனதில் தொடங்கும் வம்பு, கடைசியில் ஜானையும் யீ-டாயையும் நேருக்கு நேர் நிறுத்துகிறது. யீ-டாய் காசுக்குத் தோற்கும் ஆள் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஜான் அடி வாங்குகிறான். அந்த ஒரு அடியில் தன் வெற்றிகள் எல்லாமே விலைக்கு வாங்கப்பட்டவை என்பது அவனுக்கு விளங்கிவிடுகிறது.

படத்தில் நமக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். அவமானம் தாங்காமல் ஊரை விட்டு ஓடாமல், அடித்தவரிடமே போய்ப் பழக்கச் சொல்லிக் கேட்கிறான். அவர் மறுக்கிறார். அப்போதும் தகப்பன் சும்மா இருக்கவில்லை. மகன் அந்தக் குழுவோடு திரிய வேண்டும் என்பதற்காகக் குழுவையே விலைக்கு வாங்கிவிடுகிறார்! ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் காலத்தில் நம் பக்கத்துப் பெற்றோர் படும் பாட்டைப் பார்ப்பவர்களுக்கு இந்தத் தகப்பனை அந்நியராகவே தெரியாது.

இனித்தான் எதிராளி வருகிறான். பெயர் ஙாய் ஃபெய். (தமிழில் அதிகம் வேலையில்லாமல் இருக்கும் ஙகரத்துக்கு இந்தக் கதையில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது.) பெரிய பிரபுவின் மகன், உண்மையிலேயே திறமைசாலி. தனக்குச் சமமான ஒருவரோடு மோத வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லாதவன். யீ-டாயோடு மோதுகிறான். நடுவில் யீ-டாய்க்கு முட்டு வருத்தம் வந்து மூச்சுத் திணறுகிறது. உடனே கையை நிறுத்தி, 'சுகமாகி வாருங்கள், பிறகு பார்ப்போம்' என்று விலகுகிறான். பழைய குங்ஃபூ படங்களில் வில்லன் இப்படி நடந்து நாம் அதிகம் கண்டதில்லை.

ஆனால் அவனோடு திரியும் காவலாளிகளுக்குத் தகப்பனின் கட்டளை வேறு: மகனுக்கு ஒரு ஆபத்தும் வரக் கூடாது. அவனைத் தோற்கடிக்கக் கூடிய ஒருவர் உயிரோடு இருப்பதே அவர்களுக்கு ஆபத்து. அன்று இரவே கூத்து மண்டபத்துக்குள் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த கலைஞர்களைக் கொன்று மண்டபத்துக்கும் தீ வைக்கிறார்கள். ஙாய் ஃபெய்க்கு எதுவும் தெரியாது.

ஒரு தகப்பன் காசால் மகனைக் காப்பாற்றினார், மற்றவர் கொலையால். இரண்டு பிள்ளைகளும் தங்களைப் பற்றிய உண்மை தெரியாமல் வளர்க்கப்பட்டவர்கள். முதலாமவர் பகிடிக்குரிய தகப்பன், இரண்டாமவர் கொடூரமான தகப்பன் என்று பிரித்துவைப்பது இலகு. இரண்டு பேரும் ஒரே பாதையில் நிற்பவர்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஒருவர் கொஞ்சம் முன்னுக்குப் போய்விட்டார், அவ்வளவுதான்.

தப்பிய யீ-டாயும் ஜானும் கிராமத்தில் இருக்கும் வொங் வா-போ என்பவரிடம் அடைக்கலம் தேடுகிறார்கள். யீ-டாயும் இவரும் ஒரே குருவிடம் பழகியவர்கள், ஆனால் எதிலும் ஒத்துப்போகாதவர்கள். ஒருவர் மெலிந்த, சிரிப்பே வராத மனிதர். மற்றவர் தடித்த, வாய் ஓயாத மனிதர், இயக்குநர் சம்மோ ஹங்கே அந்த வேடத்தில். யாருடைய வழி சரி என்று இருவரும் சண்டை பிடிக்க, நடுவில் அகப்பட்டு ஜான் இரண்டு வழியையும் கற்றுக்கொள்கிறான். பிறகு யீ-டாயும் அதே காவலாளிகளின் கையால் கொல்லப்படுகிறார். கடைசிச் சண்டை ஜானுக்கும் ஙாய் ஃபெய்க்கும் இடையில். அதற்குள் தன் பெயரால் நடந்ததெல்லாம் ஙாய் ஃபெய்க்குத் தெரிந்துவிட்டது. ஜான் வெல்கிறான். ஆனால் 1972இல் வந்த 'ஃபிஸ்ட் ஒஃப் ஃபியூரி'யில் குருவுக்காக புரூஸ் லீ பழி தீர்த்தபோது நமக்கு வந்த அந்த ஆறுதல் இங்கே வருவதில்லை. கொலைக்குக் கட்டளையிட்டவர் வேறு, கை வைத்தவர்கள் வேறு, அடி வாங்கி நிற்பவன் வேறு.

சரி, இது வெறும் கதையா?

லியுங் ஜான் உண்மையில் வாழ்ந்தவர். 1826இல் பிறந்து 1901இல் மறைந்தவர் என்று விங் சுன் பள்ளிகள் கணக்கு வைத்திருக்கின்றன. ஃபொஷானில் மூலிகை மருந்துக் கடை வைத்திருந்த வைத்தியர். 'ஃபொஷானின் ஜான் ஐயா' என்று மரியாதையாகச் சொல்வார்கள். வொங் வா-போ, லியுங் யீ-டாய் இருவரிடமும் அவர் பழகினார் என்பதும், அந்த இருவரும் கூத்துக் கலைஞர்கள் என்பதும் குரு-சீடர் வழியாக வாய்மொழியில் வந்த தகவல்கள். பணக்கார வீட்டுச் செல்லப்பிள்ளை, விலைக்கு வாங்கிய வெற்றிகள், பிரபுவின் மகன் எல்லாம் சினிமாக்காரரின் கைவண்ணம்.

ஆனால் கூத்துக்காரரிடம் ஏன் சண்டைக்கலை இருந்தது? இதற்கு வரலாறு பதில் சொல்கிறது. அந்தக் காலத்தில் கன்டொனீஸ் கூத்துக் குழுக்கள் முத்து ஆற்றின் கழிமுகத்தில் சிவப்புச் சாயம் பூசிய படகுகளில் ஊர் ஊராகப் போய் ஆடின. படகுதான் வீடு, படகுதான் பயிற்சி மண்டபம். மேடையில் போர்க் காட்சி ஆடுவதற்கு உண்மையான அடிமுறை தெரிந்திருக்க வேண்டும். ஒடுங்கிய இடத்தில், எட்டக் கால் வைக்காமல், நெருங்கி நின்று குறுகிய அடி அடிப்பது விங் சுன்னின் தன்மை. படகு வாழ்க்கையில் இருந்துதான் அது வந்தது என்று பலர் சொல்வார்கள். 'ஆறரை' என்று எண்ணிக்கையில் பெயர் சொல்லப்படும் நீண்ட கம்பு முறையும் அதில் உண்டு. படகு தள்ளும் கோலை நினைத்துப் பார்த்தால் விளங்கும்.

இந்தக் கலைஞர்களின் சங்க மண்டபம் ஃபொஷானில்தான் இருந்தது. 1854இல் குவாங்டொங்கில் செந்தலைப்பாகைக் கிளர்ச்சி வெடித்தபோது லி வென்மாவ் என்ற கூத்து நடிகர் தன் சக கலைஞர்களைத் திரட்டிக்கொண்டு சிங் அரசுக்கு எதிராகப் போரில் இறங்கினார். மேடை உடுப்போடே களத்துக்குப் போனார்கள் என்று சொல்லப்படுகிறது. பக்கத்து மாகாணத்தில் ஒரு நகரத்தைப் பிடித்து, சொற்ப காலம் தன்னை அரசன் என்றும் அறிவித்துக்கொண்டார் அந்த மனிதர். அரசின் பதிலடி 1855இல் வந்தது. சங்க மண்டபம் அழிக்கப்பட்டது. கலைஞர்கள் வேட்டையாடப்பட்டார்கள். கன்டொனீஸ் கூத்துக்கே தடை. பத்தாண்டுகளுக்கும் மேலாக அந்த மக்கள் தங்கள் சொந்தக் கூத்தைத் தங்கள் சொந்தப் பெயரில் ஆட முடியாமல் இருந்தார்கள்.

இப்போது படத்தின் அந்த இரவுக் காட்சியைத் திரும்ப யோசித்துப் பாருங்கள். அதிகாரமுள்ளவரின் ஆட்கள் வந்து கூத்துக்காரரைக் கொன்று மண்டபத்தை எரிக்கிறார்கள். இயக்குநர் 1855ஐ மனதில் வைத்துத்தான் எடுத்தார் என்று நாம் சாதிக்கப் போவதில்லை. ஆனால் ஃபொஷான் வரலாறு தெரிந்த ஒருவருக்கு அந்தத் தீ வெறும் சினிமாத் தீயாக இருக்காது. லியுங் ஜானின் பிறந்த ஆண்டை வைத்துப் பார்த்தால், உண்மையான மண்டபம் அழிந்தபோது அவருக்கு இருபத்தொன்பது வயதளவில். மேடை பறிபோன கலைஞரிடம்தான் அந்த வைத்தியர் கலையைக் கேட்டு வாங்கியிருப்பார் என்பது நம் ஊகம்.

நடித்தவர்களும் அதே உலகத்தில் இருந்து வந்தவர்கள். சம்மோ ஹங்கும், ஜானாக நடித்த யூன் பியாவும், ஜாக்கி சானோடு ஒரே பீக்கிங் கூத்துப் பள்ளியில் சிறுவயதிலிருந்து அடி வாங்கி வளர்ந்தவர்கள். யீ-டாயாக வந்த லாம் சிங்-யிங் வேறொரு கூத்துப் பள்ளியின் பிள்ளை. குருவாக நடித்த அவருக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை என்றால் நம்ப ஏலாது. இமை துடிக்காத அந்த முகமும், வசனத்தை அளந்து பேசும் விதமும்! 1997இல், நாற்பத்து நான்கு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஙாய் ஃபெய்யாக நடித்த ஃபிராங்கி சான் பின்னாளில் பேர்போன இசையமைப்பாளர்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. ஹொங்கொங்கில் பெரும்பான்மையோர் பேசுவது கன்டொனீஸ். அப்படியிருந்தும் 1970களின் தொடக்கத்தில் அங்கே கன்டொனீஸ் படங்கள் கிட்டத்தட்ட இல்லாமலே போயின. பெரிய நிறுவனங்கள் எல்லாம் மாண்டரினில்தான் எடுத்தன. 1973இல் வந்த ஒரு நகைச்சுவைப் படத்தின் வெற்றிக்குப் பிறகே நிலைமை திரும்பியது. எட்டு ஆண்டுகள் கழித்து, ஃபொஷான் மனிதரின் கதையை ஃபொஷான்காரர் பேசும் மொழியிலேயே எடுக்க முடிந்தது. தகப்பன் மகனை ஏசும் வார்த்தையைத் தலைப்பாக வைக்கவும் முடிந்தது. வீட்டு மொழியில் வீட்டுக் கதையைக் கேட்பதன் ருசி நமக்குத் தெரியாததல்ல.

உண்மையான லியுங் ஜான் நிறையப் பேருக்குப் பழக்கவில்லை. அவரிடம் பழகியவர்களில் பெயர் பெற்றவர் காசு மாற்றும் தொழில் செய்த சான் வா-ஷுன். கடை பூட்டிய பிறகு உள்ளே நடக்கும் பயிற்சியைக் கதவிடுக்கால் பார்த்தே கொஞ்சம் பழகிவிட்டார், பிடிபட்ட பிறகுதான் சீடனாகச் சேர்க்கப்பட்டார் என்று ஒரு கதை உண்டு. அவருடைய கடைசிச் சீடர் இப் மான். சீனாவில் ஆட்சி மாறிய காலத்தில் ஹொங்கொங்குக்கு வந்து, அங்கே பழக்கியே பிழைத்தார். 1950களில் அவரிடம் வந்து சேர்ந்த ஒரு பொடியன்தான் நம் முற்றத்து வீடியோ டெக்கில் ஓடிய புரூஸ் லீ.

படத்தைத் தேடிப் பார்ப்பவர்கள் பிள்ளைகளோடு இருந்து பாருங்கள். முதல் பாதி முழுக்கச் சிரிப்பு. மண்டபத்து இரவுக் காட்சி மட்டும் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது, அதை ஓடவிட்டுக் கடந்துவிடுங்கள். காசு கொடுத்துத் தோற்கச் சொல்லும் கட்டத்தில் பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று கீழே எழுதுங்கள்.