இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, மும்பை
சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்கும் தசைகளுக்கான இயன்முறை மருத்துவம். பிரசவம், மாதவிடாய் நிற்றல், தீராத இருமல், மலச்சிக்கல் ஆகியவற்றால் இத்தசைகள் தளரும். தளர்ந்தால் இருமும்போது சிறுநீர் கசியலாம், கருப்பை இறங்கலாம். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் இத்தசைகளுக்கான பயிற்சியைப் பரப்பினார்.

இடுப்புத்தளச் சிகிச்சையில் மும்பையின் பெயர் நிலைத்தது அறுவை சிகிச்சையால்: இங்குப் பணியாற்றிய மருத்துவர் வி. என். ஷிரோத்கர், இறங்கிய கருப்பையை அகற்றாமலே தூக்கிக் கட்டும் அறுவைமுறை ஒன்றை வகுத்தார். இயன்முறைக் கல்வி 1950-களில் இந்நகரின் கே.இ.எம். மருத்துவமனையில் வேரூன்றியது. நகரின் தாராவி, மாட்டுங்கா பகுதிப் பெண்களுக்கு அருகிலிருப்பது சயான் மாநகராட்சி மருத்துவமனை.

பயிற்சி முறை இது: சிறுநீரை அடக்குவதுபோல் தசையை உள்ளிழுத்துச் சில நொடி பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். மூச்சைப் பிடிப்பதும் பிட்டத்தை இறுக்குவதும் பலர் செய்யும் பிழை. தண்ணீர்க் குடம் தூக்கும் முன்பும் தும்மும் முன்பும் தசையை இறுக்கிக்கொள்வது கைகண்ட உபாயம்.

தாராவியில் பொதுக் கழிப்பறையை நம்பியிருப்போர் ஏராளம். இரவில் போக அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைக்கும் பெண்ணுக்குப் பயிற்சி மட்டும் போதாது. தசை இறுகி வலிப்பவர்களுக்கோ இறுக்கும் பயிற்சி கெடுதல். தளர்த்தவே கற்க வேண்டும். எனவே பரிசோதித்த பிறகே தொடங்குக.