களைப்பு வேறு, சோம்பல் வேறு



தென்காசிப் பக்கம் விளையாட்டு ஆசிரியராக இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "சார், எங்க பிள்ளைங்க ஹேண்ட்பால்ல முதல் பாதியில குறி தப்பாம எறியுதாங்க. ரெண்டாம் பாதியில அதே பிள்ளைங்க எறியுற பந்து கம்பத்துக்கு மேல போகுது. திட்டிப் பாத்தும் மாறல. என்ன சார் காரணம்?" நான் பாடம் எடுத்தது வரலாறு. ஆனால் இந்தக் கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு.

நம் ஊரில் கைப்பந்து என்றால் வாலிபால் என்று நினைப்பார்கள். இது வேறு ஆட்டம். அணிக்கு 7 பேர். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள களம். பெரியவர்களுக்கு 30 நிமிடமாக இரண்டு பாதி. ஆண்கள் எறியும் பந்து 425 முதல் 475 கிராம். டென்மார்க்கில் ஹோல்கர் நீல்சன் என்ற ஆசிரியர் 1898-இல் தன் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அணிக்கு 11 பேராகத் திறந்தவெளியில் ஆடினார்கள். 7 பேர் ஆடும் இன்றைய ஆட்டம் 1972 மியூனிக்கில் ஒலிம்பிக்குக்கு வந்தது. டெல்லியில் 1982-இல் நடந்த ஆசிய விளையாட்டிலும் இடம்பெற்றது.

இனி களைப்பின் கதை. இத்தாலியில் தூரின் நகரத்தில் ஏஞ்சலோ மோசோ என்ற உடலியல் பேராசிரியர் இருந்தார். கையை அசையாமல் கட்டிவைத்து, நடுவிரலால் மட்டும் ஒரு எடையைத் திரும்பத் திரும்பத் தூக்கவைக்கும் கருவி ஒன்றைச் செய்தார். ஒவ்வொரு தடவையும் எடை எவ்வளவு உயர்ந்தது என்பது தாளில் கோடாக விழும். விரல் தளரத் தளரக் கோடு தாழும். களைப்பைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1891-இல் வந்தது.

அதில் நம்மைப் போன்ற ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, ஒரே எடைதான், ஆனால் ஒவ்வொருவரின் கோடும் வேறு மாதிரி. ஒருவருக்கு மெல்லச் சரியும். இன்னொருவருக்குக் கடைசிவரை நின்றுவிட்டுத் திடீரென விழும். இரண்டு, மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்த பேராசிரியரின் விரலும் சோர்ந்துதான் இருந்தது! மூளை உழைத்தாலும் தசை தளர்கிறது.

பிறகு 1907-இல் கேம்பிரிட்ஜில் பிளெட்சரும் ஹாப்கின்ஸும், ஓய்வின்றி வேலை செய்த தவளைத் தசையில் லாக்டிக் அமிலம் சேர்வதைக் காட்டினார்கள். தசை ஆராய்ச்சிக்காக ஏ.வி. ஹில்லுக்கும் மேயர்ஹோஃபுக்கும் 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. களைப்புக்கெல்லாம் அந்த அமிலமே காரணம் என்று உலகம் வெகுகாலம் நம்பியது. இன்று அந்தக் கருத்து மாறிவிட்டது. லாக்டேட்டைத் தசையும் இதயமும் எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன. தசைக்குள் பாஸ்பேட் சேர்வது, கால்சியம் வெளிவருவது குறைவது, மூளையிலிருந்து வரும் கட்டளை தளர்வது என்று காரணங்கள் பல.

இதே காலத்தில் நம் மாகாணத்திலும் ஒன்று நடந்தது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். வெறும் 'டிரில் மாஸ்டர்' என்ற நிலை போய், உடற்கூறும் உடலியலும் படித்த விளையாட்டு ஆசிரியர் என்ற நிலை வந்தது இப்படிப்பட்ட கல்லூரிகளால்தான்.

இப்போது அந்தப் பிள்ளைகளிடம் வருவோம். பந்தை எறிவது கை மட்டுமல்ல. ஊன்றிய காலில் பிறக்கும் விசை இடுப்பு, முதுகு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஏறி விரல் நுனியில் முடிகிறது. ஓடி ஓடிக் கால் தளர்ந்தால் அந்த வேலையும் தோள் தலையில் விழும். பந்தை விடும் கணம் துளி பிசகினாலும் குறி தப்பும். திட்டினால் கால் எப்படித் தேறும்?

அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பாலில் 2007 முதல், 11, 12 வயதுப் பிள்ளை பந்துவீச்சாளராக ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் வீசக் கூடாது என்று விதி. நார்வேயில் ஹேண்ட்பால் அணிகளிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், தோளுக்கென்று தனிப் பயிற்சி செய்த அணிகளில் தோள் தொந்தரவு வரும் வாய்ப்பு 28 சதவீதம் குறைந்தது.

நம் பக்கத்தில் எல்லாக் களைப்புக்கும் குற்றாலம்தான் மருந்து. பேரருவியில் தோளைக் காட்டினால் சுகம்தான், மறுக்கவில்லை. குளிர்ந்த நீர் வலியையும் மட்டுப்படுத்தும். ஆனால் வலி அடங்கியது வேறு, தசை தேறியது வேறு. அருவிக் குளியல் முடிந்த கையோடு அடுத்த மேட்சுக்கு இறக்கிவிடாதீர்கள். வீங்கிய தோளை அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

விளையாட்டு ஆசிரியர்களாக, பெற்றோராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எறியும் எண்ணிக்கையை ஒரு நோட்டில் குறியுங்கள். பந்து மேலே போகத் தொடங்கியதும் ஆளை மாற்றுங்கள். ஹேண்ட்பாலில் ஆளை மாற்றுவதற்குக் கணக்கே கிடையாது. எத்தனை முறையும் மாற்றலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் கோடு வேறு என்று மோசோ காட்டி நூறு வருஷத்துக்கு மேலாகிறது. அந்தக் கோடு இறங்கும்போது "சோம்பேறி" என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் பிள்ளைகளின் அனுபவத்தைக் கமெண்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்