காஸ்திலியோனே: வீரமாமுனிவர் பிறந்த ஊர்

வட இத்தாலியில் லொம்பார்தி மாநிலத்தின் மாந்துவா மாவட்டத்தில், கார்தா ஏரிக்குத் தெற்கே உள்ள குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்தது காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. பழங்காலப் பனியாறுகள் கொணர்ந்து குவித்த மண்ணும் கல்லுமே இக்குன்றுகள். இங்கிருந்து தெற்கே போ ஆற்றுச் சமவெளி விரிகிறது. மலைப்புறத்துக்கும் சமவெளிக்கும் இடைப்பட்ட இந்த அமைப்பினால் படைகள் பலமுறை இவ்வூர் வழியே வந்தன.

மாந்துவாவை ஆண்ட கொன்சாகா குடும்பத்தின் ஒரு கிளை இவ்வூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டது. அக்குடும்பத்தின் மூத்த மகனாக 1568இல் இங்குள்ள கோட்டையில் பிறந்தவர் லுயீஜி கொன்சாகா. ஆட்சியுரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து இயேசு சபையில் சேர்ந்த அவர், ரோமில் கொள்ளைநோயாளருக்குத் தொண்டு செய்து, தாமும் நோயுற்று 1591இல் மறைந்தார். தமிழ்க் கத்தோலிக்கர் ஞானப்பிரகாசியார் என்று போற்றும் புனிதர் இவரே. இவர் பெயரால் அமைந்த பேராலயம் ஊரின் தலையாய வழிபாட்டிடம்.

அதே சபையைச் சேர்ந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி 1680 நவம்பர் 8 அன்று இங்குப் பிறந்தார். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்து, வீரமாமுனிவர் என்ற பெயரில் தேம்பாவணிக் காப்பியம், தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கணம், சதுரகராதி ஆகியவற்றைத் தமிழுக்கு அளித்தார்.

1796 ஆகஸ்ட் 5 அன்று நெப்போலியன் இவ்வூரருகே ஆஸ்திரியப் படையை வென்றார். 1859 ஜூன் 24 அன்று அருகிலுள்ள சோல்ஃபெரீனோவில் பிரான்சும் சார்தீனியாவும் ஒருபுறமும் ஆஸ்திரியா மறுபுறமுமாகப் பெரும்போர் மூண்டது. காயம்பட்ட ஆயிரக்கணக்கான வீரர்கள் காஸ்திலியோனேவின் கோயில்களிலும் வீடுகளிலும் கிடத்தப்பட்டனர். எப்படையினர் என்று பாராமல், எல்லாரும் சகோதரரே என்று சொல்லி ஊர்ப்பெண்கள் அவர்களைப் பேணினர். ஜெனீவா வணிகர் ஹென்றி டூனான் அவர்களோடு சேர்ந்து உழைத்து, தாம் கண்டதை 1862இல் நூலாக வெளியிட்டார். அதன் விளைவாக 1863இல் செஞ்சிலுவை இயக்கமும், 1864இல் முதல் ஜெனீவா ஒப்பந்தமும் பிறந்தன. 1901இல் வழங்கப்பட்ட முதல் அமைதி நோபல் பரிசில் டூனானும் பங்கு பெற்றார்.

வேளாண்மையை நம்பியிருந்த இவ்வட்டாரத்தில் 20ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைகள் பெருகின. காஸ்திலியோனேயும் பக்கத்து ஊரான காஸ்தெல் கொஃப்ரேதோவும் அடங்கிய பகுதி, பெண்களுக்கான மெல்லிய காலுறைத் தயாரிப்பில் பெயர்பெற்றது. கோல்டன் லேடி நிறுவனம் காஸ்திலியோனேயில் வளர்ந்தது.

சோல்ஃபெரீனோப் போரின் நூற்றாண்டான 1959இல் இங்குப் பன்னாட்டுச் செஞ்சிலுவை அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. பழைய மருத்துவக் கருவிகளும் காயமுற்றோரைச் சுமந்த வண்டிகளும் அங்கே காக்கப்படுகின்றன. போர்க்களங்களின் அருகே அமைந்தும் இவ்வூர் உலக வரலாற்றில் இடம்பெற்றது வாளால் அன்று, தொண்டாலும் கல்வியாலுமே.