அணையோடு வந்த கிழங்கு: மொராக்கோவின் சர்க்கரை வேளாண்மையும் வறட்சியும்

மொராக்கோவில் கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் போகிறவர்கள் தாள் சுற்றிய கூம்பு வடிவச் சர்க்கரைக் கட்டியைக் கையோடு எடுத்துச் செல்வது வழக்கம். ஒன்று 2 கிலோ எடை. சிறு சுத்தியலால் உடைத்துப் புதினா தேநீரில் போடுவார்கள். இப்படி இனிப்போடு ஊறிய நாட்டில், விடுதலைக்குப் பின் அரசு சர்க்கரையை உள்ளூரிலேயே விளைவிக்க முனைந்ததில் வியப்பில்லை. அதற்கு முன்னுதாரணமும் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் மொராக்கோவை ஆண்ட சஅதி வம்ச மன்னர்கள் சூஸ் பகுதியில் கால்வாய் வெட்டிக் கரும்பு பயிரிட்டு, தண்ணீர் விசையில் ஆலை ஓட்டி, சர்க்கரையை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். அந்தத் தொழில் அடுத்த நூற்றாண்டில் அழிந்தது.

இரண்டாம் முறை அரசு நம்பியது பீட்ரூட்டின் உறவான வெள்ளைச் சர்க்கரைக்கிழங்கை. பெர்லின் வேதியியலாளர் மார்க்ராஃப் 1747இல் இக்கிழங்கில் கரும்புச் சர்க்கரையே இருப்பதைக் காட்டினார். அவருடைய மாணவர் அசார்ட் 1800களின் தொடக்கத்தில் சிலேசியாவில் முதல் ஆலையை நிறுவினார். அப்படிக் குளிர்நாட்டுப் பயிராக வளர்ந்த கிழங்குக்கு மொராக்கோ வேறொரு பருவத்தைக் கொடுத்தது: இலையுதிர்காலத்தில் விதைப்பு, குளிர்காலத்தில் வளர்ச்சி, கோடையில் அறுவடை. நாட்டின் முதல் ஆலை 1963இல் சிதி ஸ்லிமானில் இயங்கத் தொடங்கியது. 1967இல் மன்னர் இரண்டாம் ஹசன் 10 லட்சம் ஹெக்டேர் பாசனத்தை இலக்காக அறிவித்தார். அணைகள் எழுந்தன, கால்வாய் போன இடமெல்லாம் கிழங்கும் போனது. தாத்லா சமவெளிக்கு முன்பே கட்டப்பட்டிருந்த ‘பின் எல் உய்தான்’ அணை, டூக்காலா சமவெளிக்கு 1979இல் முடிந்த அல் மசீரா அணை. ஆலைகள் விதையும் உரமும் முன்பணமாகத் தந்து, விலை பேசிக் கிழங்கை வாங்கிக்கொண்டன.

அதாவது இந்தப் பயிரின் வேர் வானத்து மழையைவிட அணைத் தண்ணீரைத்தான் நம்பி நின்றது. பருவநிலை மாற்றம் கைவைத்த இடமும் அதுதான்.

செடி தன்னளவில் திடமானது. அதன் மூதாதை மத்தியதரைக் கடலோரத்திலும் அட்லாண்டிக் கரையிலும் உப்புக் காற்றில் வளரும் காட்டுச் செடி. வளர்ந்த கிழங்கு பல பயிர்கள் தாங்காத உப்பையும் தாங்கும். ஆனால் முளைக்கும் நாட்களில் அந்தத் திடம் இருப்பதில்லை. உப்பேறிய மண்ணும் சூடும் இளம் முளையை எளிதில் கொன்றுவிடும். பழைய விதை, பல கருக்கள் ஒட்டிய சிறு கொத்து. கொத்துக்கு இரண்டு மூன்று முளைகள் வரும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் குனிந்து கையால் களைய வேண்டும். அந்த வேலையை ஒழிக்க வந்த ஒற்றைக் கரு விதையில் ஒரு விதைக்கு ஒரு செடிதான். செப்டம்பர், அக்டோபர் வெயில் நீண்டு முளை கருகினால் அந்த இடம் வெறுமையாகிவிடும். ஆட்கூலி மிச்சமானது உண்மை. கருகிய முளைக்கு மாற்றாக நிற்கப் பக்கத்தில் இன்னொரு முளை இல்லாமல் போனதும் உண்மை. பருவத்தின் மறுமுனையிலும் வெப்பம் காத்திருக்கிறது: அறுவடையான கிழங்கு குவியலில் சுவாசித்துக்கொண்டே இருக்கும். சூடு ஏற ஏற அதன் சர்க்கரை கரையும். ஆலை வாசலில் லாரி நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பு.

ஆயினும் பெரிய அடி நீரில்தான் விழுந்தது. உலக வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் மத்தியதரைப் பகுதியில் மழை சுமார் 4 சதவீதம் குறையும் என்பது அறிவியலாளர்களின் மதிப்பீடு. 2018க்குப் பின் மொராக்கோவில் தொடர்ந்து பல ஆண்டுகள் மழை பொய்த்தது. நாட்டின் இரண்டாவது பெரிய அணையான அல் மசீரா 2024 தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இருந்த நீர் நகரங்களின் குடிநீருக்கே போனது. டூக்காலாவின் பாசனம் நிறுத்தப்பட்டது. கிழங்கு வயல்கள் சுருங்கின. காசாபிளாங்கா சுத்திகரிப்பு ஆலை பிரேசிலின் கச்சாச் சர்க்கரையை இன்னும் கூடுதலாக நம்ப வேண்டியதாயிற்று.

2008இல் வந்த அரசின் பசுமை மொராக்கோ திட்டம் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 80 முதல் 100 சதவீதம்வரை மானியம் கொடுத்தது. ஹெக்டேருக்கான நீர் குறைந்தது. ஆனால் மிச்சமான நீரில் பாசனப் பரப்பைப் பெருக்கினால் அணைக்கு எதுவும் திரும்பாது. 2023இல் 67 கிலோமீட்டர் கால்வாய் செபூ ஆற்று நீரை ரபாத், காசாபிளாங்கா பக்கம் திருப்பியது, அது குடிநீருக்கானது. கடல்நீரைச் சுத்திகரித்துப் பாய்ச்சும் ஆலை அகாதிர் அருகே இயங்குகிறது. அங்கே ஏற்றுமதித் தக்காளி அந்த விலையைத் தாங்குகிறது, சர்க்கரைக்கிழங்கால் தாங்க முடியாது.

விவசாயியின் நெருக்கடி காலக்கணக்கில் இருக்கிறது. விதைப்பு இலையுதிர்காலத்தில், மழையோ குளிர்காலத்தில். போன வருடத்து நீரை மட்டும் பார்த்து இந்த வருடத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. அணையில் கிழங்குக்கு எவ்வளவு ஒதுக்கப்படும் என்பதை விதை வாங்கும் முன்பே ஆலையும் பாசன அலுவலகமும் சொல்லிவிடுவதும், மழை பொய்த்தால் முன்பணக் கடனை ஆலை பகிர்ந்துகொள்வதும் நியாயம். இன்றைய ஏற்பாட்டில் வானத்தின் நிச்சயமின்மையில் பெரும்பகுதியைச் சுமப்பது சில ஹெக்டேர் வைத்திருக்கும் குடும்பங்கள்தான்.